திருவனந்தபுரம் அனுப்பிய முதல் பெண்

கிழக்கேகோட்டையை அறியாதவர் திருவனந்தபுரத்தில் இல்லை. ஒரு பக்கம் பத்மநாப சுவாமி கோயிலுக்குப் போகும் வழி. மறு பக்கம் சாலைக் கடைத்தெரு. நடுவில் பேருந்துகள். சுமை இறக்குவோர், பூ விற்போர், காய்கறி வாங்குவோர் என்று விடிந்ததிலிருந்தே கூட்டம் நெரியும். மலையாளம் ஒரு காதில் விழும். தமிழ் மறு காதில் விழும்.

பேருந்தின் பலகையைப் படிக்கத் தெரியாவிட்டால் இங்கே என்ன நடக்கும்? பக்கத்தில் நிற்பவரைக் கேட்க வேண்டும். அவர் சொல்வதை நம்ப வேண்டும். அவர் தவறாகச் சொன்னால் தவறான ஊரில்தான் இறங்க வேண்டும். எழுத்துப் படித்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. பலகையைப் பார்த்து, தாமே வழுதக்காடு பேருந்தில் ஏறலாம்.

வழுதக்காட்டில் ஒரு பெண்ணின் சிலை இருக்கிறது. 2013 செப்டம்பரில் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ஹமீது அன்சாரி அதைத் திறந்து வைத்தார். தினமும் ஆயிரக்கணக்கானோர் அந்தச் சிலையைக் கடந்து போகிறார்கள். அந்தப் பெண் யார் என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்?

அவர் பெயர் அன்னி மஸ்கரீன். திருவனந்தபுரம் தொகுதியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினர். கேரளத்திலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணும் அவரே. அவருடைய கதையைப் படிப்போம்.

படித்த பெண்

அன்னி மஸ்கரீன் 1902 ஜூன் 6-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் பிறந்தார். லத்தீன் கத்தோலிக்கக் குடும்பம். தந்தை கேப்ரியல் மஸ்கரீன் திருவிதாங்கூர் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தார்.

அந்தக் காலத்தில் பெண் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர்கள் குறைவு. அனுப்பினாலும் கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்று நிறுத்திவிடுவார்கள். அன்னி நிறுத்தவில்லை. மகாராஜா கல்லூரியில் படித்தார். அதுதான் இன்று பாளையத்தில் உள்ள யூனிவர்சிட்டி காலேஜ். 1925-இல் வரலாறு, பொருளாதாரம் ஆகிய பாடங்களில் எம்.ஏ. பட்டம் பெற்றார். பிறகு கடல் கடந்து இலங்கைக்குப் போய் ஆசிரியையாக வேலை பார்த்தார். திரும்பி வந்து சட்டமும் படித்தார்.

இவ்வளவு படித்தவர் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆசிரியை வேலையோ, வக்கீல் தொழிலோ அவருக்குப் போதுமான வருமானம் தந்திருக்கும். ஆனால் அவர் வேறு வழியில் போனார். அதைப் புரிந்துகொள்ள அன்றைய திருவிதாங்கூரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

மன்னரின் நாடு

அன்று கேரளம் என்று ஒரு மாநிலம் இல்லை. தெற்கே திருவிதாங்கூர், நடுவில் கொச்சி, வடக்கே மலபார். மலபார் வெள்ளைக்காரர்களின் நேரடி ஆட்சியில் இருந்தது. திருவிதாங்கூரையும் கொச்சியையும் மன்னர்கள் ஆண்டார்கள். இன்று தமிழ்நாட்டில் இருக்கும் நாகர்கோவில், தக்கலை, செங்கோட்டை எல்லாம் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தவை.

திருவிதாங்கூரில் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆண்டார். அவருக்கு அடுத்த இடத்தில் திவான் இருந்தார். திவான் என்றால் தலைமை அமைச்சர் போன்றவர். 1936 முதல் 1947 வரை திவானாக இருந்தவர் சர் சி.பி. ராமசாமி ஐயர். அவருடைய காலத்தில் நல்ல காரியங்களும் நடந்தன. 1936-இல் எல்லாச் சாதியாருக்கும் கோயில் கதவு திறந்தது. பல்கலைக்கழகம் வந்தது. தொழிற்சாலைகள் வந்தன. ஆனால் அரசாங்கத்தை எதிர்த்துப் பேச இடமில்லை. பேசினால் சிறை.

சட்டசபை ஒன்று இருந்தது. ஆனால் அதற்கு வாக்களிக்க எல்லோருக்கும் உரிமை இல்லை. சொத்து உள்ளவர், வரி கட்டுபவர் போன்றோருக்கே வாக்கு. கூலி வேலை செய்பவருக்கும், குடிசையில் இருப்பவருக்கும் கிடையாது. அப்படித் தேர்ந்தெடுத்தவர்களும் திவானை நீக்க முடியாது. திவான் மன்னருக்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும். மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

'ஆள்பவர்கள் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்' என்று சிலர் கேட்டார்கள். இதற்குப் பொறுப்பாட்சி என்று பெயர். இதற்காக 1938 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தொடங்கப்பட்டது. பட்டம் தாணு பிள்ளை தலைவர். கே.டி. தாமஸும் பி.எஸ். நடராஜ பிள்ளையும் செயலாளர்கள். இந்த நடராஜ பிள்ளை, 'மனோன்மணியம்' நாடகம் எழுதிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் மகன்.

அந்த இயக்கத்தில் தொடக்கத்திலேயே சேர்ந்தவர்களில் ஒருவர் அன்னி மஸ்கரீன். அப்போது அவருக்கு வயது 35.

மேடையும் சிறையும்

1938 திருவிதாங்கூரில் கொந்தளிப்பான ஆண்டு. ஆகஸ்டு மாதம் நெய்யாற்றின்கரையில் கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. தலைவர்கள் வரிசையாகச் சிறைக்குப் போனார்கள். அக்டோபரில் அக்கம்மா செறியான் என்ற பெண், தம்பானூரிலிருந்து கவடியார் அரண்மனைக்குப் பெரிய ஊர்வலத்தை நடத்திப் போனார். ஆசிரியை வேலையை விட்டு வந்தவர் அவர். ஆண்கள் சிறைக்குள் இருந்தபோது பெண்கள் முன்னால் வந்து நின்றார்கள்.

அன்னி மஸ்கரீன் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பயமில்லாத பேச்சு. ஒளிவு மறைவு இல்லாத பேச்சு. அவருடைய பேச்சு ஆபத்தானது என்று திவானே மன்னருக்கு எழுதினார். ஒரு பெண் பேசுவதற்கு அரசாங்கம் இவ்வளவு பயந்தது.

பயந்த அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. போலீஸ் அதிகாரி ஒருவரே அவரை அடித்தார். அவருடைய வீட்டில் புகுந்து பொருட்களைக் கொள்ளையடித்தார்கள். 1939 முதல் 1947 வரை அவர் பல முறை கைதானார். பல முறை சிறையில் இருந்தார்.

இங்கே ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த நாளில் பெண் ஒருத்தி தனியாகத் தெருவில் நடந்தாலே ஊர் பேசும். சிறைக்குப் போய்த் திரும்பினால் எவ்வளவு பேசியிருக்கும்? அன்னி அதைப் பொருட்படுத்தவில்லை. வெளியே வந்ததும் மறுபடி மேடை ஏறினார்.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. பேசும்போது சில சமயம் வார்த்தை எல்லை மீறும். 1946-இல் அவர் பேசிய ஒரு பேச்சைப் பத்திரிகையில் படித்துவிட்டுக் காந்தியடிகளே கடிதம் எழுதிக் கடுமையாகக் கண்டித்தார். நாக்கை அடக்கிப் பேச வேண்டும் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். நாடே வணங்கிய மனிதரிடம் திட்டு வாங்குவது சின்ன விஷயம் அல்ல. வேறொருவராக இருந்தால் மூலையில் உட்கார்ந்திருப்பார். அன்னி அரசியலை விடவில்லை.

அரசியல் சட்டம் எழுதிய அவையில்

1947-இல் இந்தியாவுக்குச் சுதந்திரம் வரும் என்று உறுதியானது. அப்போது திவான் சி.பி. ஓர் அறிவிப்புச் செய்தார். திருவிதாங்கூர் இந்தியாவில் சேராது, தனி நாடாகவே இருக்கும் என்றார். மக்கள் எதிர்த்தார்கள். 1947 ஜூலை 25-இல் திருவனந்தபுரத்தில் ஓர் இசை நிகழ்ச்சியில் திவானை ஒருவர் வெட்டினார். திவான் உயிர் தப்பினார். சில நாட்களில் திருவிதாங்கூர் இந்தியாவில் சேர்ந்தது. திவான் பதவியை விட்டுப் போனார்.

1948-இல் திருவிதாங்கூரில் தேர்தல் நடந்தது. இந்த முறை சொத்து இருக்கிறதா, வரி கட்டுகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. வயது வந்த எல்லோருக்கும் வாக்கு. பத்து ஆண்டுப் போராட்டத்தின் பலன் இது. அன்னி மஸ்கரீன் சட்டசபை உறுப்பினர் ஆனார்.

அதே ஆண்டின் இறுதியில் அவர் டெல்லிக்குப் போனார். அங்கே அரசியல் நிர்ணய சபை நடந்துகொண்டிருந்தது. அது என்ன சபை? புதிய இந்தியாவை எப்படி ஆள்வது, மக்களுக்கு என்னென்ன உரிமைகள் என்பதையெல்லாம் விவாதித்து அரசியல் சட்டம் எழுதிய சபை. டாக்டர் அம்பேத்கர் அதன் வரைவுக் குழுவின் தலைவர்.

அந்தச் சபையில் இடம்பெற்ற பெண்கள் 15 பேர்தான். சபையின் மொத்த உறுப்பினர்கள் ஏறக்குறைய 300 பேர். அந்த 15 பேரில் மூன்று பேர் இன்றைய கேரள மண்ணில் பிறந்தவர்கள். ஒருவர் பாலக்காட்டுப் பக்கம் ஆனக்கரையைச் சேர்ந்த அம்மு சுவாமிநாதன். ஒருவர் கொச்சியைச் சேர்ந்த தாட்சாயணி வேலாயுதன். அவர் ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர். மூன்றாமவர் அன்னி மஸ்கரீன்.

1949 நவம்பர் 26-இல் அரசியல் சட்டத்தைச் சபை ஏற்றுக்கொண்டது. 1950 ஜனவரி 26-இல் அது நடைமுறைக்கு வந்தது. அந்த நாளைத்தான் குடியரசு நாளாகக் கொண்டாடுகிறோம்.

1949 ஜூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து ஒரே மாநிலம் ஆயின. பறவூர் டி.கே. நாராயண பிள்ளை முதலமைச்சர். அவருடைய அமைச்சரவையில் அன்னி மஸ்கரீன் சுகாதாரத்துக்கும் மின்சாரத்துக்கும் அமைச்சர் ஆனார். ஆஸ்பத்திரியும் விளக்கும் ஒரு பெண்ணின் பொறுப்பில் வந்தன. ஆனால் அவர் அந்தப் பதவியில் நீண்ட நாள் இல்லை. 1950-இல் அமைச்சர் பதவி முடிந்தது. காங்கிரஸுடனும் உறவு முறிந்தது.

பெயர் இல்லாத பெண்கள்

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்தது. உலகமே அதை வியப்புடன் பார்த்தது. ஏன்?

வாக்காளர்கள் 17 கோடிக்கும் மேல். 1951 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 18 பேர் மட்டுமே. பெண்களில் 100-க்கு 9 பேர்தான். படிக்காதவர் எப்படி வாக்களிப்பார் என்று பலர் கேலி செய்தார்கள்.

தேர்தல் கமிஷன் ஒரு வழி கண்டுபிடித்தது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு சின்னம். வாக்குச்சாவடியில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். வாக்காளர் சீட்டை வாங்கி, தனக்குப் பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் போட வேண்டும். எழுத வேண்டியதில்லை. படிக்க வேண்டியதில்லை. ஒருவரே இரண்டு முறை வாக்களிக்காமல் இருக்க விரலில் மை வைத்தார்கள். இன்று பெட்டி போய் இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் சின்னமும் மையும் இன்றும் இருக்கின்றன.

இன்னொரு சிக்கல் இருந்தது. அதற்குச் சுலபமான வழி இல்லை. வாக்காளர் பட்டியல் எழுத வீடு வீடாகப் போனார்கள். வட இந்தியாவின் பல இடங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. அன்னிய ஆணிடம் பெயர் சொல்வது வழக்கம் இல்லை. 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்று மட்டும் சொன்னார்கள். தேர்தல் கமிஷன் என்ன செய்தது? பெயர் இல்லாமல் பட்டியலில் சேர்க்க முடியாது என்றது. பெயரைச் சொல்ல வைக்க முயன்றது. அப்படியும் ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அந்த 28 லட்சம் பேரும் முதல் தேர்தலில் வாக்களிக்க முடியவில்லை.

அரசியல் சட்டம் அவர்களுக்கு உரிமை கொடுத்திருந்தது. பெயர் இல்லாததால் அந்த உரிமை கைக்கு வரவில்லை. எழுத்து வகுப்பில் முதலில் நம் பெயரை எழுதப் பழகுகிறோம். அது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல பதில் தேவையில்லை.

தனியாக நின்று வென்றார்

அதே தேர்தலில் திருவனந்தபுரம் தொகுதியில் அன்னி மஸ்கரீன் நின்றார். எந்தக் கட்சியின் சார்பாகவும் அல்ல. சுயேச்சையாக நின்றார். சுயேச்சை என்றால் கட்சி இல்லாமல் தனியாக நிற்பவர்.

அன்று காங்கிரஸ் மிகப் பெரிய கட்சி. சுதந்திரம் வாங்கித் தந்த கட்சி என்று மக்கள் மதித்தார்கள். நேருவின் பெயருக்கே வாக்கு விழும். அந்தக் கட்சியின் வேட்பாளரை எதிர்த்து ஒரு பெண் தனியாக நிற்கிறார். வென்றுவிடுவார் என்று சொல்ல யாருக்கும் துணிவு வந்திருக்காது.

பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். அன்னி மஸ்கரீன் பெரிய வித்தியாசத்தில் வென்றிருந்தார். 1938 முதல் அவர் பட்ட பாட்டை இந்த ஊர் மறக்கவில்லை.

இதே தேர்தலில் நாகர்கோவில் தொகுதியில் ஏ. நேசமணி வென்றார். தமிழ் பேசும் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடியவர் அவர். 'மார்ஷல்' நேசமணி என்று மக்கள் அழைத்தார்கள். அவரும் அன்னியும் ஒரே மாநிலத்திலிருந்து முதல் மக்களவைக்குப் போனார்கள். 1956 நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் பிறந்தது. அன்றே கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அன்று தமிழ்நாட்டின் பெயர் சென்னை மாநிலம். கிழக்கேகோட்டைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையில் ஓர் எல்லைக்கோடு வந்தது. ஆனால் சாலைக் கடைத்தெருவுக்குச் சரக்கு வருவது நிற்கவில்லை. சம்பந்தம் செய்வதும் நிற்கவில்லை.

அன்னி மஸ்கரீன் ஐந்து ஆண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1957-இல் மீண்டும் நின்றார். இம்முறை தோற்றார். சுயேச்சையாக நின்ற எஸ். ஈஸ்வர ஐயர் வென்றார். மக்கள் கொடுத்ததை மக்களே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவர் 1938-இல் கேட்டதும் இதைத்தான். ஆள்பவரை மக்கள் வைக்கவும் வேண்டும், மாற்றவும் வேண்டும். அந்த விதி அவருக்கும் பொருந்தியது.

1963 ஜூலை 19-ஆம் நாள் அன்னி மஸ்கரீன் காலமானார். அவருக்கு வயது 61.

அதற்குப் பிறகு?

1957 முதல் 2024 வரை திருவனந்தபுரம் தொகுதி எத்தனையோ தேர்தல்களைக் கண்டுவிட்டது. எத்தனையோ பேர் வென்று டெல்லிக்குப் போனார்கள். 1962-இல் வென்ற பி.எஸ். நடராஜ பிள்ளை அவர்களில் ஒருவர். வி.கே. கிருஷ்ண மேனன் ஒருவர். கே. கருணாகரன் ஒருவர். அத்தனை பேரும் ஆண்கள். அன்னி மஸ்கரீனுக்குப் பிறகு 2024 வரை ஒரு பெண்கூட இந்தத் தொகுதியில் வெல்லவில்லை.

இது யோசிக்க வேண்டிய விஷயம். 1952-இல் பெண்களில் பெரும்பாலோர் படிக்காதவர்கள். அன்று ஒரு பெண் வென்றார். பிறகு நிலைமை மாறியது. 1991 ஏப்ரல் 18-இல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று கோழிக்கோட்டில் அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் வயது போன காலத்தில் எழுத்துக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா என்ற அம்மா. இன்று பெண்கள் படித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில், பள்ளியில், அலுவலகத்தில் வேலை செய்கிறார்கள். ஆனாலும் நாடாளுமன்றத்துக்குப் போகும் வழி அவர்களுக்கு அகலவில்லை. வாக்கு அவர்களிடம் கேட்கிறார்கள். வேட்பாளராக அவர்களை நிறுத்துவது அரிது.

பஞ்சாயத்திலும் நகரசபையிலும் நிலைமை வேறு. அங்கே பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று 1992-இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. 2009-இல் கேரளம் அதைப் பாதியாக உயர்த்தியது. அதனால் ஆயிரக்கணக்கான பெண்கள் உறுப்பினர்களாகவும் தலைவர்களாகவும் வந்தார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் கேட்க வார்டு உறுப்பினர் அக்கா இருக்கிறார். நாடாளுமன்றத்திலும் சட்டசபையிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் சட்டம் 2023-இல் நிறைவேறியது.

சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே நடந்து போக வேண்டியவர் நாம்தான். அன்னி மஸ்கரீன் கதவு திறப்பதற்கு முன்பே தட்டியவர். அடி வாங்கினார். வீட்டுப் பொருட்களைப் பறிகொடுத்தார். சிறைக்குப் போனார். பெரியவர்களிடம் திட்டும் வாங்கினார். வென்றார், தோற்றார். வாயை மட்டும் மூடவில்லை.

அடுத்த முறை வழுதக்காடு வழியாகப் போகும்போது அந்தச் சிலையைப் பாருங்கள். கீழே எழுதியிருக்கும் பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். உடன் வரும் குழந்தைக்கும் சொல்லுங்கள்.

கலந்து பேசுவோம்

1. பொறுப்பாட்சி என்றால் என்ன? உங்கள் வார்டு உறுப்பினர் உங்களுக்குப் பதில் சொல்கிறாரா?

2. முதல் தேர்தலில் 28 லட்சம் பெண்களின் பதிவு ஏன் நீக்கப்பட்டது? வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா? எடுத்துப் பாருங்கள்.

3. உங்கள் வீட்டில் யாருக்கு வாக்களிப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

4. உங்கள் தெருவில் தேர்தலில் நிற்கத் தகுதியுள்ள பெண் யார்? அவர் நிற்பதற்குத் தடையாக இருப்பது என்ன?